ஒரு குழு, இரண்டு ஆலோசகர்கள்

தண்டையார்பேட்டையில் குடிநோயிலிருந்து மீள்வோருக்கான சிகிச்சைக் குழுவொன்றை, என்னைவிட வயதில் மூத்த ஆலோசகர் ஒருவருடன் சேர்ந்து நடத்தி வருகிறேன். இருவரும் அருகருகே அமராமல் வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் அமர்கிறோம். அவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றவர்களின் முகங்களை நான் கவனிக்க முடிகிறது என்பதோடு, ஒரு பார்வையிலேயே நாங்கள் கலந்தாலோசிக்கவும் முடிகிறது.

காசிமேட்டில் விசைப்படகுகளில் வேலை செய்யும் உறுப்பினர் சிலர் அவரை 'ஐயா' என்றும் என்னைத் 'தங்கச்சி' என்றும் அழைப்பதால், கண்டிப்பு அவர் பங்காகவும் ஆறுதல் என் பங்காகவும் தாமாகவே பிரிந்துவிடுகின்றன. அப்பா மறுத்ததை அம்மாவிடம் கேட்கும் பிள்ளைகளைப் போல, அவர் மறுத்த சலுகையை என்னிடம் தனியே கேட்பவர்களும் உண்டு. அப்போது தனியாக முடிவு சொல்லாமல், கேட்டதைக் குழுவின் நடுவே வைப்பதே சரி என்று கருதுகிறேன்.

குழு இன்னும் நிலைகொள்ளாத தொடக்க வாரங்களில் எங்கள் கருத்து வேறுபாட்டை உறுப்பினர்கள் முன்னிலையில் காட்டினால் அவர்கள் கலங்குவார்கள். பிற்பாடு அதே வேறுபாடு, சண்டையின்றியும் இருவர் முரண்பட முடியும் என்பதை அவர்கள் நேரில் காணும் வாய்ப்பாகிறது. (வீட்டில் அப்படிப் பார்த்து வளர்ந்தவர்கள் குறைவு.)

அமர்வு முடிந்ததும் நாங்கள் இருவரும் பேசுவதற்கென ஒதுக்கும் அரைமணி நேரத்தை எந்த அவசரத்திலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. என் குறுக்கீடு அவருக்கு ஏன் எரிச்சலூட்டியது என்பதை, மூத்தவர் என்ற தயக்கத்தால் அங்கே பேசாமல் விட்டால், அந்த எரிச்சல் அடுத்த வாரம் யாரோ ஓர் உறுப்பினர்மீது இறங்கிவிடுகிறது.