நீல உருண்டைகள்

சாயத்தைச் சிதைக்குமா என்று பார்க்கப் பூஞ்சை உருண்டைகளைப் போட்ட மூன்றாம் நாள் காலையில், குடுவையில் இருந்த நீலச் சாய நீர் பளிங்கு மாதிரி தெளிந்திருந்தது. ஆய்வகத்தில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். நெறியாளர் மேடம் மட்டும் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "உருண்டை ஏன் இவ்வளவு நீலமா இருக்கு?" என்று கேட்டார்.

மரத்துக்கு உறுதி தரும் லிக்னினையே சிதைக்கும் டிராமெட்டீஸ் வெர்சிகலர் பூஞ்சையைத்தான் வளர்த்திருந்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய உருண்டைகள் நீலத்தில் ஊறிக் கிடந்தன. ஆட்டோக்ளேவின் அழுத்த நீராவியில் கொன்ற பூஞ்சையைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் நீரைத் தெளிய வைத்தது. செத்தது எங்கே சாயத்தைச் சிதைக்கும் நொதி சுரக்கும்? சாயத்தைப் பஞ்சு மாதிரி உறிஞ்சியிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, பூஞ்சையை வடிகட்டிவிட்டு, அது சுரந்த லாக்கேஸ் என்ற நொதி உள்ள நீரை மட்டும் எடுத்தேன். லாக்கேஸைக் காட்டிக்கொடுக்கும் ஏபிடிஎஸ் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் பச்சையாக மாற வேண்டும். லேசான சாயல்கூட வரவில்லை. லாக்கேஸின் மையத்தில் 4 தாமிர அணுக்கள் இருக்கின்றன. தாமிரம் போதவில்லையோ என்று, அடுத்த முறை வளர்ப்பு ஊடகத்தில் தாமிர உப்பான மயில்துத்தம் துளி சேர்த்தேன். சில நாள் கழித்து ஏபிடிஎஸ் விட்டதும் குவெட் எனும் சிறு அளவீட்டுக் குப்பியில் பச்சை குபுக்கென்று பரவியது. 420 நானோமீட்டர் ஒளியை அது உறிஞ்சுவதைக் காட்டும் எண் ஏறிக்கொண்டே போனதை வாய் பிளந்து பார்த்தேன். நீலச் சாயமும் வெளிறியது. கொதிக்க வைத்து ஆற்றிய நொதியில் அப்படியே நின்றது. இந்தத் தடவை நிறம் போனது நொதியால்தான்.

அந்தத் தெம்பில் சாயப்பட்டறைக் கழிவுநீரை எடுத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. சாயம் துணியில் பிடிக்க உப்பும் காரமும் போடுகிறார்கள். நீரின் பிஹெச் 10க்கு மேல், கடும் காரம். லாக்கேஸுக்கு அமிலத்தன்மை வேண்டும், உப்பில் இருக்கும் குளோரைடோ அதன் தாமிர மையத்தில் உட்கார்ந்து வேலையைக் கெடுக்கும். நான் என்னடாவென்றால் பிஹெச்சைக் குறைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றி, இன்னும் குளோரைடு சேர்த்துக்கொண்டிருந்தேன்! கந்தக அமிலத்துக்கு மாறி, பிஹெச்சை 5க்குக் கொண்டுவந்து, தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்தபின் ஒரு நாளில் ஏறக்குறைய பாதி நிறம் போனது. நீர்த்ததில் குறைந்ததைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நீரில் உள்ள கரிமக் கழிவின் அளவைச் சொல்லும் சிஓடியைப் பார்த்தால் ஏறியிருந்தது. ஊடகத்தில் பூஞ்சை தின்றது போக மீந்த குளுக்கோஸை நானே கழிவுநீரில் கொட்டியிருக்கிறேன். நொதி நீரை சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் 10 கிலோடால்டன் சவ்வில் வடித்தேன். சர்க்கரை வெளியேறியது, உருவில் பெரிய லாக்கேஸ் தங்கிவிட்டது. அப்போதும் சிஓடி பெரிதாக இறங்கவில்லை. லாக்கேஸ் நிறம் தரும் அமைப்பைத்தான் உடைக்கிறது, துண்டுகள் நீரிலேயே கிடக்கின்றன. அவற்றைத் தின்னப் பாக்டீரியா வேண்டும். பிஹெச்சை 7க்கு ஏற்றி, பாக்டீரியா நிறைந்த கசடு போட்ட குடுவைக்கு மாற்றிக் காற்று ஊதிவிட்டேன். அப்புறம்தான் சிஓடி இறங்கத் தொடங்கியது.