சொல்லாமல் நிற்கும் வண்டி

ஏப்ரல் 8, 2025, செவ்வாய்

இன்று கயத்தாறு பக்கம் வண்டி நின்றுவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்ததிலிருந்து வாரம் மூன்று நாள் கோவில்பட்டியிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறேன். திரும்பி வரும்போது மதியம் இரண்டரை மணி. நான்குவழிச் சாலையில் 80ல் போய்க்கொண்டிருந்தேன். குலுக்கல் இல்லை, திணறல் இல்லை. ஓடுகிற ஃபேனின் சுவிட்சை யாரோ அணைத்த மாதிரி இன்ஜின் சத்தம் அடங்கியது. பின்னால் லாரி.

இண்டிகேட்டரைப் போட்டு இடது ஓரத்துக்கு உருட்டினேன். ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. பிரேக் முதல் இரண்டு மிதிக்குச் சரியாகப் பிடித்தது, மூன்றாவது மிதிக்குக் கட்டை மாதிரி இறுகியது. இன்ஜின் நின்ற பிறகு, பிரேக் மிதிக்கத் துணை செய்யும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்குவம் அவ்வளவுதான் தாங்கும். அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாகப் பிடித்து நிறுத்த வேண்டும். சாவியை முழுக்கத் திருப்பி எடுத்துவிடவும் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். இதெல்லாம் தெரிந்த விஷயம்தான் என்றாலும், அந்த ஐந்து நொடியில் கை நடுங்கியது.

ஓரிரு முறை செல்ஃப் அடித்தேன், பிடிக்கவில்லை. வெயிலில் இருபத்தைந்து நிமிடம் நின்றோம். அப்புறம் ஒரே செல்ஃபில் எடுத்துக்கொண்டது. வீடு வரும்வரை அம்மா மேலே இருக்கும் கைப்பிடியை விடவே இல்லை.

ஏப்ரல் 12, சனி

இரண்டு நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்ற வண்டி இன்று வந்தது. ஸ்கேனர் போட்டுப் பார்த்ததில் எந்தக் கோளாறும் பதிவாகவில்லை. அவர்கள் ஓட்டிப் பார்த்தபோதும் நிற்கவில்லை. "பெரும்பாலும் பெட்ரோல் பம்ப்தான் சார்" என்றார்கள். 6,800 ரூபாய். அம்மாவை வைத்துக்கொண்டு மறுபடி அந்த ரோட்டில் நிற்க முடியாது என்ற பயத்தில் சரி என்றேன். எதை வைத்துப் பம்ப் என்கிறீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஏப்ரல் 19, சனி

மறுபடியும். இந்த முறை சாலைப்புதூர் டோல்கேட் வரிசையில். புதுப் பம்ப், ஃபில்டரும் புதிது. பின்னாலிருந்தவர்கள் இறங்கி வந்து தள்ளிவிட்டார்கள். பதினெட்டு நிமிடம் கழித்துத் தானாக எடுத்தது.

சாயங்காலம் எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் எலக்ட்ரீசியன் அண்ணாச்சியிடம் போனேன். முப்பது வருஷத்துக்கு மேல் வண்டி வயரிங் மட்டுமே பார்க்கிறவர். பேனட்டைத் திறக்கவே இல்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னார்.

"தம்பி, இப்போ ஒண்ணையும் கழத்தாதீங்க. ஓடுற வண்டியில கோளாறத் தேடுனா கிடைக்காது. நிக்கும்போதுதான் பிடிக்கணும். ஒரு நோட்டு வாங்குங்க."

நோட்டில் என்னென்ன எழுத வேண்டும் என்று அவரே சொன்னார். வண்டி எடுத்து எத்தனை நிமிடத்தில் நின்றது, என்ன வேகம், டேங்கில் எவ்வளவு பெட்ரோல், நிற்குமுன் இழுத்ததா திணறியதா, மீட்டர் போர்டு முழுக்க இருண்டதா, சாவி போட்டதும் பின்சீட்டுக்குக் கீழே பம்ப் இரண்டு நொடி முனகுகிறதா, எத்தனை நிமிடம் கழித்து எடுத்தது.

ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. மீட்டர் போர்டே செத்துப்போனால் இக்னிஷன் சுவிட்ச், பேட்டரி டெர்மினல், எர்த் வயர் பக்கம் போக வேண்டும். திணறி, இழுத்து, மூச்சு வாங்கி நின்றால் பெட்ரோல் வழி. சிக்னலில் ஸ்லோவில் மட்டும் நின்றால், இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் பாடியில் அழுக்கு. ஃபேனை அணைத்த மாதிரி பட்டென்று நின்றால் கரண்ட் சமாச்சாரம். நான் ஃபேன் உதாரணத்தைச் சொன்னதும் அவர் தலையாட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்:

"நின்னப்போ கிளட்ச மிதிச்சீங்களா? ஆர்பிஎம் முள்ளு எங்க இருந்துச்சு?"

இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள்ளைக் கேட்கிறார். ஞாபகமில்லை. இரண்டு முறையும் அந்த இடத்தில் எனக்கு வெறும் பயம்தான் நினைவிருக்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

22ஆம் தேதியும் இன்றும் நிற்கவில்லை. நிற்காத நாளிலும் எழுதச் சொன்னார், எழுதுகிறேன்.

அம்மாவுக்கு அந்த இடத்தின் மேலேயே சந்தேகம். "ரெண்டு தடவையும் கயத்தாத்துப் பக்கம்தானய்யா நிக்குது" என்கிறாள். 1799இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் அது. அவள் அதை நினைத்துத்தான் சொல்கிறாள் என்று புரிந்தது. நோட்டைப் பார்த்தால் வேறு கணக்கு தெரிகிறது. பாளையங்கோட்டையில் எடுத்து முதல் தடவை 38 நிமிடம், இரண்டாவது தடவை 46 நிமிடம். அத்தனை நிமிடத்தில் எந்த வண்டியும் அந்தப் பக்கத்துக்குத்தான் வந்து சேரும். காலையில் போகும்போது அதே தூரம் ஓடியும் ஒருநாளும் நின்றதில்லை. சூடுதான் ஏதோ செய்கிறது. ஆனால் டெம்பரேச்சர் முள் எப்போதும் நடுவில்தான் நிற்கிறது, இன்ஜின் கொதிக்கவில்லை.

தெரிந்தவர்கள் எல்லோரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத்தான் குற்றம் சொல்கிறார்கள். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களுக்கும் சீல்களுக்கும் அது ஆகாது என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனால் எத்தனால் காரணமாக இருந்தால் காலையில் மட்டும் ஏன் விட்டுவைக்கிறது?

எர்த் சோதனையை அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தபடி நானே செய்தேன். மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை இன்ஜின் பிளாக்கில். தம்பியைச் செல்ஃப் அடிக்கச் சொன்னால் 0.1 வோல்ட். எர்த் நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 26, சனி

பிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஸ்கேனர் போர்ட்டில் செருகும் புளூடூத் கருவி ஒன்றை வியாழன் இரவே வாங்கியிருந்தேன். போனில் உள்ள ஆப் எல்லா அளவுகளையும் தானே பதிவு செய்துகொள்ளும், ஓட்டும்போது பார்க்கத் தேவையில்லை.

மதியம் 2.50. எடுத்து 41ஆவது நிமிடம். கால் டேங்குக்கு மேல் பெட்ரோல். இடது ஓரமாக 60ல், நான்காவது கியரில். சத்தம் அடங்கியது. இந்த முறை கிளட்சை மிதிக்கவில்லை. முள்ளைப் பார்த்தேன். பூஜ்யம்.

இதை எழுதும்போதும் உடம்பு சிலிர்க்கிறது. கிளட்ச் மிதிக்காமல் கியரில் இருக்கும்போது சக்கரங்கள் இன்ஜினைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பெட்ரோல் நின்றாலும் சரி, பிளக்கில் கரண்ட் நின்றாலும் சரி, வண்டி உருளும்வரை முள் வேகத்தோடு சேர்ந்து மெதுவாகத்தான் இறங்க வேண்டும். உருண்டுகொண்டிருக்கும்போதே பட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், இன்ஜின் சுற்றுவது கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம்.

ஓரத்தில் நிறுத்தினேன். சாவி போட்டால் பம்ப் முனகுகிறது. ஐந்து ஐந்து நொடியாக இரண்டு முறை செல்ஃப் அடித்தேன். இன்ஜின் சுற்றும் சத்தம் கேட்கிறது, போனில் ஆர்பிஎம் 0. கருவியே துண்டித்துக்கொண்டதோ என்று பார்த்தால் கூலன்ட் சூடு 94 என்று ஒழுங்காக வருகிறது. கொஞ்ச நேரத்தில் கோளாறு எண்ணும் விழுந்தது: பி0335. கிராங்க் சென்சார்.

அம்மா கதவைத் திறந்துவைத்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். "கண்டுபிடிச்சுட்டேன்மா" என்றேன். "வண்டி ஓடுமா?" என்றாள். இருபது நிமிடம் கழித்து ஓடியது.

ஏப்ரல் 27, ஞாயிறு

அண்ணாச்சி விளக்கியதை மறக்குமுன் எழுதிவைக்கிறேன். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டுதான் கிராங்க். அதோடு சேர்ந்து சுற்றும் பல்சக்கரத்தில் என் வண்டிக்கு 60 பல் இருக்க வேண்டிய இடத்தில் 58தான். இரண்டு பல் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. அந்த இடைவெளி கடக்கும்போதுதான் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொள்கிறது. பக்கத்தில் காந்தமும் கம்பிச் சுருளும் உள்ள சென்சார். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது அதில் ஒரு சின்ன மின்துடிப்பு. 2,400 ஆர்பிஎம்மில் நொடிக்கு 2,320 துடிப்பு. அது நின்றால் இன்ஜின் நின்றுவிட்டது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்து, பிளக், இன்ஜெக்டர், பம்ப் ரிலே மூன்றையும் அணைத்துவிடும்.

வண்டி நின்ற நிலையில் சோதித்தால், சாவி போட்டதும் இரண்டு நொடி முனகுவதோடு சரி, செல்ஃப் அடிக்கும்போது பம்பும் ஓடாது, அதைப் பார்ப்பவர் பம்பைத்தான் குற்றம் சொல்வார். 6,800 ரூபாய் போனது கூட அவ்வளவு வருத்தமில்லை. அம்மா மறுபடி இரண்டு முறை வெயிலில் நின்றதுதான் மனதை அறுக்கிறது.

"உடனே சென்சார மாத்தலாமா?" என்றேன். அந்தக் கோளாறு எண் சொல்வது அந்த சர்க்யூட்டில் கோளாறு என்று மட்டும்தான், வயர், வயரைச் செருகும் கப்ளர், சென்சார் எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்றார். "ஊகத்துல ஒரு தடவ காசு போட்டாச்சுல்லா?"

மே 4, ஞாயிறு

இன்று அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. வண்டியை நிற்கவைக்க இதைவிட நல்ல நாள் கிடையாது. 29, 1, 3 தேதிகளில் அது நிற்கவில்லை. இன்று அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு, அண்ணாச்சியும் நானும் மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினோம். கிளம்புமுன், ஆறிய நிலையில் சென்சார் கப்ளரைக் கழற்றி, சென்சாரின் தடையை அளந்தோம்: 560 ஓம். ஒர்க்‌ஷாப்பில் யாராவது அளந்திருந்தாலும் இந்த அளவைப் பார்த்துவிட்டு நல்ல சென்சார் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

திருநெல்வேலி போய்த் திரும்பும் வழியில், கங்கைகொண்டான் தாண்டி நின்றது. அண்ணாச்சி மீட்டரோடு தயாராக இருந்தார். சூட்டோடு கப்ளரைக் கழற்றி முனைகளை வைத்தார். மீட்டரில் அளவே இல்லை, முழுத் துண்டிப்பு. கப்ளரிலிருந்து கம்ப்யூட்டர்வரை போகும் இரண்டு வயரையும் பார்த்தார், இரண்டும் ஒரு ஓமுக்குக் கீழே. எர்த்தோடு ஒட்டலும் இல்லை. பதினேழு நிமிடம் காத்திருந்தோம். மீட்டர் திடீரென்று 690 காட்டியது. சாவி போட்டேன், எடுத்தது.

பட்டறையில் சென்சாரைக் கழற்றி, மீட்டரை மாட்டிவைத்து, என் மனைவியின் ஹேர் டிரையரால் சூடேற்றினோம். 560, 600, 650 என்று ஏறியது. அதில் தப்பில்லை, செம்புக் கம்பியின் தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடத்தான் செய்யும். 700ஐ நெருங்கும்போது எண் மறைந்தது. உள்ளே தலைமுடி மாதிரியான கம்பியில் எங்கோ ஒரு வெட்டு. ஆறினால் முனைகள் தொட்டுக்கொள்கின்றன, சூட்டில் எல்லாம் விரிந்ததும் விலகுகின்றன. அண்ணாச்சி டிரையரை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மே 5, திங்கள்

புதுச் சென்சார் 1,450 ரூபாய். பழையதன் காந்த முனையில் இரும்புத்தூள் மீசை மாதிரி ஒட்டியிருந்தது. உட்காரும் இடத்தைத் துடைத்துவிட்டுத்தான் புதியதைப் போட்டார்.

எக்ஸாஸ்ட் குழாய்க்கும் சென்சாருக்கும் நடுவே ஒரு போல்ட் துளை காலியாக இருந்தது. அங்கே ஒரு தகரத் தடுப்பு இருந்திருக்க வேண்டும். இரண்டு வருஷம் முன்பு கிளட்ச் வேலை நடந்தது, அப்போது திரும்ப மாட்டாமல் விட்டிருக்கலாம். அதனால்தான் சென்சார் கெட்டது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அண்ணாச்சி ஒரு தகரத்தை வெட்டி அங்கே தடுப்பு போட்டுவிட்டார்.

மே 10, சனி

மூன்று பயணம், நிற்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, ஏனென்றால் கோளாறு இருந்தபோதே மூன்று பயணம் தொடர்ந்து நிற்காமல் வந்திருக்கிறது.

நோட்டைப் புரட்டினேன். ஏப்ரல் 8 முதல் மே 3 வரை அம்மாவோடு பத்துப் பயணம், மூன்றில் நின்றது. கோளாறு அப்படியே இருந்தால் ஒரு பயணம் தப்ப பத்தில் ஏழு வாய்ப்பு. மூன்று பயணமும் தப்ப நூற்றுக்கு 34. பத்துப் பயணமும் தப்ப வேண்டுமென்றால் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. பத்துவரை எண்ணுவேன்.

மே 24, சனி

ஒன்பது. கேரளத்தில் இன்றே தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டதாம். வழக்கமாக ஜூன் 1. இந்தப் பக்கமும் மேகம், காற்றாலைகள் எல்லாம் வேகமாகச் சுற்றுகின்றன. மற்ற வருஷமாக இருந்தால் மகிழ்ந்திருப்பேன். இப்போது எனக்கு வெயில் வேண்டும். குளிர்ந்த நாளில் வண்டி நிற்காததை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

மே 26, திங்கள்

நடுப்பகலில் வெயில் எட்டிப் பார்த்த நேரத்தில் வாசலில் நிறுத்தி, பேனட்டை மூடி, ஏசியை முழுக்க வைத்து ஐம்பது நிமிடம் ஓடவிட்டேன். கூலன்ட் 97 வரை போனது. ஆர்பிஎம் கோடு ஒருமுறைகூட அறவில்லை.

மே 27, செவ்வாய்

பத்தாவது பயணம். பாளையங்கோட்டையில் எடுத்தது 2.05. பெட்ரோல் அரை டேங்க். கயத்தாறு 2.44, சாலைப்புதூர் டோல் தாண்டியது 2.51, கோவில்பட்டி வீடு 3.12. நின்றது: இல்லை.

கயத்தாறு வரும்போது ஏதாவது கேட்பாளோ என்று அம்மாவைப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள், இரண்டு கையும் மடியில்.