ஜெர்மனிக்கு வரப்போகும் தம்பி, தங்கைகளுக்கு

ஆகன் நகருக்கு முதுகலை படிக்க வந்து சில வாரங்கள் ஆகின்றன. அடுத்த வருஷம் வரப்போகிறவர்கள் இன்பாக்ஸில் கேட்பதெல்லாம் குளிரைப் பற்றித்தான். குளிருக்கு ஒரு நல்ல ஜாக்கெட் போதும். முதலில் தங்கும் இடத்தைப் பாருங்கள்.

குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று தேவை, வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. பதியாவிட்டால் வரி எண் வராது, குடியிருப்பு அனுமதியும் இழுபடும்.

பிளாக்டு அக்கவுண்டில், அதாவது செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்ட முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் முடக்கப்பட்ட கணக்கில், போட்ட 11,904 யூரோ மொத்தமாகக் கைக்கு வராது. இங்கே வங்கிக் கணக்கு தொடங்கிய பிறகு மாதம் 992 யூரோதான் வரும். அதனால் முதல் வாடகைக்கும் அட்வான்சுக்கும் தனியாகப் பணம் வேண்டும். என் அப்பா புறப்படும் நேரத்தில் அதைப் புரட்டிக் கொடுத்தார். அது இல்லாமல் இருந்திருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே அரிசி பருப்பு வாங்கிவிடுங்கள்.

ஊர் ரொம்ப அழகு. பேரரசர் சார்லமேன் அடக்கமான பேராலயம் இங்கேதான். பஸ் ஏறினால் நெதர்லாந்தின் வால்ஸ் ஊருக்கே போய்விடலாம்! சாயங்காலம் அம்மாவிடம் பேசும்போது இதையெல்லாம்தான் காட்டுகிறேன்.

அறையை நேரில் காட்டாமல் முன்பணம் கேட்பவர்களுக்கு மட்டும் பணம் அனுப்பாதீர்கள். ஒப்பந்தத்தை எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.