முழுப்பேர்

இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் "பேர்" என்றால் ஒரு நாள் சம்பளம். அம்மா காலையில் மலைக்குப் போய், தோட்டம் கேட்கிற கிலோ கொழுந்தை எடுத்துவிட்டால் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் முழுப்பேர் விழும். கிலோ குறைந்தால் அரைப்பேர். சின்ன வயதிலிருந்தே அம்மா கூடையை இறக்கியதும் நான் கேட்பது, "இன்னைக்கு முழுப்பேராம்மா?" என்பதுதான். இந்தியாவில் படிக்க விண்ணப்பம் போட உட்கார்ந்தபோது, அந்த ஆங்கிலப் படிவத்தின் முதல் கட்டமும் முழுப்பெயரைத்தான் கேட்டது. அந்த ஒரு கட்டத்தைச் சரியாக நிரப்ப எனக்கு ஒன்பது மாதம் பிடித்தது.

மார்க் இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். நம்ம பக்கத்துப் பிள்ளைகள் அப்படி நினைத்துக்கொண்டு கடைசி வாரத்தில் ஓடக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் பொகவந்தலாவைப் பக்கம். நாங்கள் இருக்கும் லயத்துக்குள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குள், சிக்னல் நிற்காது. காளியம்மன் கோயிலுக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. அதில் ஏறி ஹட்டன் பக்கம் பார்த்து உட்கார்ந்தால் இரண்டு கோடு வரும். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடி, டீச்சர்மார் வாட்ஸ்அப்பில் நோட்ஸ் அனுப்பத் தொடங்கிய காலத்தில் அந்தப் பாறைதான் எங்கள் வகுப்பறை. எட்டுப் பத்துப் பேர் குடையோடு உட்கார்ந்திருப்போம். மற்றவர்கள் நோட்ஸ் இறங்கியதும் போய்விடுவார்கள், நான் இருப்பேன். டெர்மக்ஸ் என்ற செயலியை போனில் போட்டால் அதற்குள்ளேயே லினக்ஸ் கட்டளைகளை ஓட்டலாம், பைத்தான் எழுதலாம் என்று ஒரு காணொளியில் பார்த்திருந்தேன். விரிசல் விட்ட ஐந்தங்குலத் திரையில், கட்டை விரல் இரண்டால் தட்டித் தட்டித்தான் நிரல் எழுதப் பழகினேன். அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போனால் அதைத் தேடவே அரைமணி நேரம் ஆகும்.

டேட்டாவுக்கு நள்ளிரவுக்குப் பிறகான பக்கேஜ்தான் கட்டுப்படியாகும். அதனால் பாடக் காணொளிகளை இரவில் இறக்கிவைத்துப் பகலில் பார்ப்பேன். 2022-இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில் அதுவும் நின்றுபோனது. கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்யும் அப்பா, பழைய லெப்டொப் ஒன்றை வாங்கி பஸ்ஸில் போட்டு அனுப்பினார். அதில் நான் உருப்படியாகச் செய்த முதல் வேலை அம்மாவின் கிலோ கணக்கு. காலை, பகல், பின்னேரம் என்று கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் மூன்று நிறுவை. அம்மா வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டே மூன்று எண்ணையும் சொல்வார், நான் பதிவேன். மாதக் கடைசியில் சம்பளத் துண்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சின்ன நிரல் அது. இரண்டு மாதத்தில் பக்கத்துக் காம்பராக்காரர்களும் (லயத்து அடுத்த வீட்டுக்காரர்கள்) எண்ணோடு வர ஆரம்பித்தார்கள். கணினி விஞ்ஞானம்தான் படிக்க வேண்டும் என்று நான் முடிவெடுத்தது அந்த இஸ்தோப்பில்தான்.

உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். 2023-ஆம் ஆண்டுப் பரீட்சையை 2024 ஜனவரியில் எழுதினோம், மே கடைசியில் பெறுபேறு வந்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் நான் கேட்ட பாடத்துக்கு, அனுமதிக்காகக் கணக்கிடும் இசட் புள்ளி எனக்கு எட்டவில்லை. இந்தியக் கலாசார உறவுகள் பேரவை மூலமாக இலங்கை மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் இருப்பதையும், தகவல் தொழில்நுட்பத்துக்கென்றே ராஜீவ் காந்தி பெயரில் ஒரு திட்டம் இருப்பதையும் பௌதிகவியல் சேர் சொன்னார். கல்விக்கட்டணம், தங்குமிடம், மாதச் செலவு எல்லாம் அதற்குள் வரும். எங்களைப் போன்ற வீட்டுக்கு வங்கி மீதி காட்டச் சொல்லும் நாடுகள் சரிப்படாது. அதனால் வேறெதையும் யோசிக்கவே இல்லை.

எல்லா ஆவணங்களையும் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துப் பாயில் பரப்பினேன். அப்போதுதான் வயிறு கலங்கியது. அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், சாதாரண தரச் சான்றிதழில் வேறொன்று. அப்பாவின் பெயரோ இடத்துக்கு இடம் ஒவ்வொரு மாதிரி.

இதற்குக் காரணம் யாருடைய அலட்சியமும் மட்டுமில்லை என்பது பிறகுதான் புரிந்தது. என் பெயர் பகரத்தில் தொடங்கும், நடுவில் ஒரு ழகரம் உண்டு. தமிழில் 'ப' ஒன்றுதான், ஓசை மட்டும் இடத்துக்கேற்ப மாறும். சிங்களத்தில் அதற்கு இரண்டு எழுத்து, ஆங்கிலத்திலும் இரண்டு எழுத்து. எழுதுகிறவர் எதையாவது ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். 2004-இல் எழுதிய என் பிறப்புச் சான்றிதழ் முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. சிங்களத்தில் ழகரம் கிடையாது, அது ளகரமாகிவிட்டது. அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது 'எல்' ஆகலாம். தமிழிலிருந்து நேராகப் போயிருந்தால் 'இசட்-எச்' ஆகியிருக்கும். அப்பாவின் பெயர் 'ஐயா' என்று முடியும். அந்த 'ஐயா'வை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தார்கள். அதற்கு முன்னால் வரும் வல்லின இரட்டிப்பு சில இடத்தில் இரட்டை, சில இடத்தில் ஒற்றை. ஒரு நிரல் எழுதி எண்ணிப் பார்த்தேன்: இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று. மொத்தம் 24 விதம். அதில் ஐந்து விதம் எங்கள் பாயில் கிடந்தது.

பிறப்புச் சான்றிதழில் அதைவிடப் பெரிய சிக்கல். அப்பாவின் பெயரிலிருந்த 'ஐயா'வே விழுந்துபோயிருந்தது. யாரோ தோட்டத்துப் பதிவைப் பார்த்து எழுதும்போது பாதியோடு நிறுத்திவிட்டார்கள்.

பிறப்புப் பதிவுச் சட்டத்தில் பெயரைத் திருத்த 27-ஆம் பிரிவு, அப்பா பெயர் மாதிரி மற்ற விபரங்களைத் திருத்த 27ஏ. இரண்டுக்கும் படிவம் வேறு. நாங்கள் முதல் தடவை பதிவாளர் அலுவலகத்துக்குப் பிழையான படிவத்தோடு போய்த் திரும்பினோம். இரண்டாவது தடவை, அம்மா அப்பாவின் விவாகச் சான்றிதழிலும் எழுத்து வேறாக இருந்ததால் திருப்பி அனுப்பினார்கள். "இது வேற ஆளோட பேரு மாதிரி இருக்கே" என்று அங்கிருந்த மிஸ் சிங்களத்தில் சொன்னதை அம்மாவுக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. ஆனால் அம்மாவுக்கு அவ்வளவு சிங்களம் தெரியும். வெளியே வந்து படியில் உட்கார்ந்து, "இருவது வருசமா நான் யாரு கூடய்யா குடும்பம் நடத்துனேன்?" என்று கேட்டார். அப்போது அவர் அழவில்லை. அந்தக் குரல்தான் இன்னும் எனக்குள் இருக்கிறது.

ஒவ்வொரு பயணத்துக்கும் அம்மாவுக்கு ஒரு பேர் போனது. முதல் இரண்டு தடவை அது 1000 ரூபாய். மூன்றாவது தடவை ஒக்டோபரில் போனபோது சம்பளம் கூடி ஒரு பேர் 1350 ரூபாய் ஆகியிருந்தது. பஸ் காசு தனி.

வழியைத் திறந்தது தாத்தாவின் கடதாசி. 1948-இல் பிரஜாவுரிமை பறிபோன சனத்தில் தாத்தாவும் ஒருவர். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் செய்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தபோது, தாத்தாவின் அண்ணன் குடும்பம் அந்தப் பக்கம் போய்க் கூடலூரில் தங்கிவிட்டது. தாத்தா இலங்கையிலேயே விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்கினார். அந்தச் சான்றிதழை எண்ணெய்த் துணியில் சுற்றி, விபூதிப் பொட்டலத்தோடு சேர்த்து வைத்திருந்தார். பிள்ளைகள் பட்டியலில் அப்பாவின் பெயர் 'ஐயா'வோடு முழுசாக இருந்தது. அதையும் அப்பாவின் பிறப்புச் சான்றிதழையும் பள்ளிக்கூட இடாப்புப் பிரதியையும், சமாதான நீதவான் முன் கையெழுத்திட்ட சத்தியக்கடதாசியையும் ஒன்றாக வைத்தபோது ஏற்றுக்கொண்டார்கள். திருத்திய பிரதி டிசம்பரில் கைக்கு வந்தது.

இதில் நான் கற்ற ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். எந்த எழுத்துக்கூட்டலை மூலமாக வைத்துக்கொள்வது என்பதை முதலிலேயே முடிவெடுங்கள். மாற்றக் கடினமானதையே மூலமாக எடுங்கள். எனக்கு அது பரீட்சைச் சான்றிதழ், ஏனென்றால் இரண்டு பரீட்சையிலும் ஒரே மாதிரி இருந்தது. அதற்கேற்ப அடையாள அட்டையைத் திருத்தினேன். பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது, அவர் பேனாவை எடுக்குமுன் என் பெயரையும் அப்பா பெயரையும் பெரிய எழுத்தில் எழுதிய துண்டை அவர் முன் வைத்தேன். சிங்களத்திலோ தமிழிலோ உள்ள சான்றிதழுக்கு ஆங்கில எழுத்து அந்த மேசையில்தான் பிறக்கிறது. நாம் சொல்லாவிட்டால் அவருக்குத் தோன்றியது விழும். இதெல்லாம் முடிந்த பிறகே பாஸ்போர்ட்டுக்குப் போனேன். அவசரப்பட்டு முதலில் பாஸ்போர்ட் எடுத்திருந்தால் பிழையை நானே சீல் குத்தி வைத்தது மாதிரி ஆகியிருக்கும். ஆங்கிலப் பரீட்சைச் சான்றிதழுக்குப் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே விண்ணப்பிக்கலாம், அதற்காகக் கொழும்புக்கு ஏறி இறங்க வேண்டியதில்லை.

விண்ணப்பம் முழுக்க இணையத்தில், அந்தப் பேரவையின் ஏ2ஏ என்ற தளத்தில். பாஸ்போர்ட், சான்றிதழ்கள், வைத்தியர் கையெழுத்திட்ட உடற்தகுதிப் படிவம் எல்லாம் ஏற்ற வேண்டும். ஸ்கேன் செய்ய டவுனுக்குப் போகவில்லை. வெயிலேறாத காலையில் இஸ்தோப்பில் வெள்ளைச் சாக்கு விரித்து, நிழல் விழாமல் போனிலேயே எடுத்தேன். மூடுபனி நாளில்தான் வெளிச்சம் சமமாக விழுகிறது. அந்த மாதிரி வெளிச்சம் எங்கள் ஊரில் நிறையவே உண்டு.

500 சொல்லில் ஓர் ஆங்கிலக் கட்டுரையும் கேட்கிறார்கள். இணையத்தில் கிடந்த மாதிரிகளைப் பார்த்து எழுதிய முதல் கட்டுரையில் "சிறுவயது முதலே தொழில்நுட்பத்தில் பேரார்வம்" என்று இருந்தது. அது யாருடைய கட்டுரையாகவும் இருக்கலாம். கிழித்துவிட்டு மூன்று நிறுவையையும் சம்பளத் துண்டையும் எழுதினேன். சேர் இலக்கணத்தை மட்டும் திருத்தினார், "மத்ததுல கை வைக்க மாட்டேன்" என்றார். ஐந்து கல்வி நிறுவனங்களை வரிசைப்படுத்தும் இடத்தில் பெயரை மட்டும் பார்க்காமல், ஒவ்வொன்றின் பாடத்திட்டத்தையும் இறக்கி வாசித்த பிறகுதான் வரிசை போட்டேன். மார்ச் மாதம் ஒரு நள்ளிரவில், பாறையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு அனுப்பு பொத்தானை அழுத்தினேன். தங்கச்சி டோர்ச் பிடித்தாள். இரண்டு தடவை இணைப்பு விட்டுப்போய் மூன்றாவதில் போனது. நிரப்பியதையெல்லாம் முன்பே ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்ததால் தப்பினேன்.

இடம் கிடைத்தது. விசா வந்தது. அம்மாவும் அப்பாவும் கட்டுநாயக்கா விமான நிலையம் வரை வந்தார்கள்.

இப்போது இதை எழுதுவது கோயம்புத்தூரில் விடுதி அறையிலிருந்து. வந்து 14 நாட்களுக்குள் வெளிநாட்டவராகப் பதிய வேண்டும். தாத்தாவின் அண்ணன் பேரப்பிள்ளைகள் சில மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கிற ஊரில் நான் வெளிநாட்டவன். அந்தப் படிவமும் குடும்பப் பெயரைத் தனியாகக் கேட்டது. நம்மிடம் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் உள்ளபடி அப்பாவின் பெயரைப் போட்டேன், எல்லா எழுத்தும் பொருந்தியது.

அதே ஒழுங்கில்தான் கல்லூரி வருகைப் பதிவிலும் ஏறியிருக்கிறது, அப்பா பெயர் முன்னால். காலை முதல் வகுப்பில் பேராசிரியர் அந்த முதல் சொல்லை மட்டும்தான் கூப்பிடுகிறார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட அப்பாவின் பெயரை, 'ஐயா' விடுபடாமல், தினமும் பொறியியல் கல்லூரியில் கூப்பிடுகிறார்கள். நான் எழுந்து நின்று "யெஸ் சேர்" என்கிறேன். இதைப் போனில் சொன்னபோது அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் கடைச் சத்தம் கேட்டது.

"அப்ப எனக்கும் அங்க பேர் விழுகுதாய்யா?" என்றார்.