ஃபின்லாந்திலிருந்து வந்த அட்டை

இன்று மதியம் தபால்காரர் ஒரு தபால் அட்டை கொடுத்துவிட்டுப் போனார், போஸ்ட்கிராசிங்கில் வந்தது. பனி மூடிய பிர்ச் மரங்கள், ஸ்டாம்பில் ஒரு மூமின், ஃபின்லாந்துக் கதைகளில் வரும் நீர்யானை மாதிரியான குட்டிப் பாத்திரம். டிசம்பரில் மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடும், ஜன்னலில் மெழுகுவத்தி ஏற்றி வைப்போம் என்று ஒரு பாட்டி எழுதியிருக்கிறார். மூன்று முறை படித்துவிட்டேன்.

போஸ்ட்கிராசிங் என்றால் என்ன என்று கேட்ட நண்பர்களுக்காக: உலகெங்கும் உள்ளவர்கள் தபால் அட்டை அனுப்பிக்கொள்ள உதவும் இணையதளம், 2005இல் போர்ச்சுகலில் தொடங்கியது. முன்பின் தெரியாத ஒருவருடைய முகவரியும் ஓர் எண்ணும் தருவார்கள். நம் அட்டை போய்ச் சேர்ந்து அவர் அந்த எண்ணைத் தளத்தில் பதிந்ததும், நம் முகவரி வேறு யாரோ ஒருவருக்குப் போகும். அனுப்பியது ஜெர்மனிக்கு, வந்தது ஃபின்லாந்திலிருந்து! எண்ணை மட்டும் அட்டையில் இரண்டு இடத்தில் எழுதுங்கள். ஒன்றின் மேல் முத்திரை மை விழுந்தாலும் இன்னொன்று மிஞ்சும்.

ஸ்டாம்ப் சேர்த்த அப்பா, ஒவ்வொன்றையும் உறையோடு வெட்டி, கிண்ணத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, பசை போனதும் செய்தித்தாளில் கவிழ்த்துக் காயவைப்பார். பிரிட்டன் ஸ்டாம்பில் மட்டும் நாட்டின் பெயரே இருக்காது, ஆட்சியிலிருக்கும் அரசர் அல்லது அரசியின் தலை போதும் என்று அவர்தான் காட்டினார். அந்த ஆல்பம் இப்போது என்னிடம். ஆனால் இந்த மூமினைப் பிரிக்க மனசு வரவில்லை. அட்டையோடே இருக்கட்டும்.

நாளை தைவானுக்கு ஒன்று அனுப்ப வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் படம் போட்ட அட்டையை எடுத்து வைத்திருக்கிறேன். அதைப் பெறப்போகிறவருக்கு மழை பிடிக்குமாம். அப்போ ஐப்பசி அடைமழையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.