செம்பு சிவக்கும் வரை

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கச் சாய்ப்புதான் என் பட்டறை. முன்பு டி.வி., மிக்ஸி பார்த்துக்கொண்டிருந்தேன். சில வருடங்களாக மின்சார ஸ்கூட்டர்களின் பேட்டரி வயரிங்தான் அதிகம் வருகிறது. எங்களுக்கு வடக்கே பெண் கடல் என்கிற பாக் விரிகுடா, தெற்கே ஆண் கடல் என்கிற மன்னார் வளைகுடா. வாடைக் காற்று அடித்தாலும் கச்சான் காற்று அடித்தாலும் உப்பு வீட்டுக்குள்தான் வரும். கம்பி ஜன்னலில் காலையில் விரலை வைத்துத் தடவினால் பிசுபிசுவென்று ஒட்டும். அதே உப்புதான் வண்டிக்குள்ளும் போகிறது.

இந்த வேலையை எனக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தது மீன் விற்கும் ஒரு அக்காவின் வண்டி. பாம்பனில் மீன் எடுத்து, ரோட்டுப் பாலம் தாண்டி மண்டபம் பக்கம் கொண்டுபோய் விற்பவர். கால் வைக்கிற பலகையில் ஐஸ் பெட்டி. 12 வோல்ட் பேட்டரிகள் நான்கு அந்தப் பலகைக்கு நேர் கீழே. ஐஸ் உருகி மீன் தண்ணீரோடு சேர்ந்து சொட்டுவது எங்கே போகும்?

“பாலத்து ஏத்தத்துல பாதியிலயே நின்னு போகுது தம்பி. பேட்டரி போச்சு, நாலும் மாத்தணும்ங்கிறாங்க. தோட்டைத்தான் அடகு வைக்கணும்” என்றார்.

மீட்டர் வைத்தால் 51 வோல்ட். நான்கும் ஏறக்குறைய சமமாக, 12.7, 12.8 என்று நின்றன. நிறுத்தி வைத்த வண்டியில் வோல்டேஜ் பார்த்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்று அதுவரை எனக்கு உறைக்கவில்லை. பேட்டரிப் பெட்டியிலிருந்து, மோட்டாருக்குக் கரண்ட்டை அளந்து விடுகிற கண்ட்ரோலருக்குப் போகிற கனெக்டரின் இரண்டு பக்கமும் மெல்லிய வயர் இழுத்து, மீட்டரை ஹேண்டில்பாரில் டேப் போட்டுக் கட்டினேன். அக்கா மகன் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து பாலத்துக்குப் போனோம். நல்ல இணைப்பு என்றால் அந்த இரண்டு முனைகளுக்கு நடுவே கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்ட வேண்டும். ஏற்றத்தில் 2 வோல்ட் காட்டியது.

2 வோல்ட்தானே என்று தோன்றும். ஏறும்போது மோட்டார் 15 ஆம்பியர் இழுத்தால், அந்தச் சின்ன இடத்தில் மட்டும் 30 வாட் சூடாகப் போகிறது. ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கிற என் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். கால் பலகைக்கு அடியில், பிளாஸ்டிக்குக்கும் பேட்டரிக்கும் நடுவில், ஒரு சால்டரிங் அயர்னைப் போட்டுவிட்டு அவர் தினமும் பாலம் ஏறியிருக்கிறார். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் கனெக்டரை வெட்டினேன். முள்ளின் அடியில் பச்சைக் களிம்பு. வயரின் உறையை ஒரு அங்குலம் சீவினால் உள்ளே செம்பு கறுத்துக் கிடந்தது. இன்னொரு அங்குலம் வெட்டியும் கறுப்புதான். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, மெல்லிய இழைகளுக்கு நடுவே உப்புத் தண்ணீர் உறைக்குள்ளேயே ஏறிவிடும். வெளியே வயர் புதிதுபோல இருக்கும். கறுத்த கம்பியில் ஈயம் பிடிக்காது. மணி மணியாக உருண்டு கீழே விழும். சுரண்டிப் பார்க்கலாம், நூற்றுக்கணக்கான இழைகளில் எத்தனையைச் சுரண்டுவது? வெட்டிக்கொண்டே போனேன். ஒரு முழம் போன பிறகுதான் செம்பு சிவந்து தெரிந்தது. மீதி வயர் பற்றாது. முழு வயரையும் மாற்றினேன். வெள்ளீயப் பூச்சுள்ள செம்பு வயர் போட்டேன்.

பற்றவைப்பதில் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அயர்ன் முனையில் ஈயத்தை உருக்கி, அதைக் கம்பிமேல் அப்புவார்கள். பார்க்கப் பிடித்ததுபோல இருக்கும், பிடித்திருக்காது. வெள்ளீயம் 60, காரீயம் 40 என்று கலந்த 60/40 ஈயம் 190 டிகிரிக்குள் உருகிவிடும். கம்பியைச் சூடாக்கி, கம்பியே ஈயத்தை உருக்கும்படி விட வேண்டும். இழைகளுக்குள் ஈயம் ஓடி மறைவது கண்ணுக்குத் தெரியும். தடித்த வயருக்கு 25 வாட் அயர்ன் போதாது. சூட்டைக் கம்பி இழுத்துக்கொள்ள, நாம் வைத்துக்கொண்டே இருக்க, கனெக்டரின் பிளாஸ்டிக் இளகி முள் சாய்ந்துவிடும். 60 வாட், அகல முனை, சில விநாடியில் எடுத்துவிட வேண்டும். எக்ஸ்டி60 வகை கனெக்டர் என்றால் அதன் ஜோடியைச் செருகி வைத்துக்கொண்டே பற்றவைப்பேன். முள் நேராக நிற்கும். ஷார்ட் ஆகிவிடக்கூடாது என்று, பேட்டரிப் பக்கம் ஒரு வயரை முடித்து மூடிய பிறகுதான் அடுத்த வயரின் டேப்பைப் பிரிப்பேன். மோதிரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உட்காருவேன்.

ஆரம்பத்தில் நான் செய்த தவறு பேஸ்ட்டில். தகரம் ஒட்டுகிற காரமான பேஸ்ட் போட்டால் ஈயம் சட்டென்று பிடிக்கும். அதைப் போட்டு, துடைக்காமல், மேலே சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஸ்லீவ் ஏற்றிவிட்டேன். இரண்டு மாதத்தில் அந்த வண்டி திரும்பி வந்தது. ஸ்லீவை அறுத்தால் உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. கடல் உப்பில் உள்ள குளோரைடு அந்த பேஸ்ட்டிலும் இருக்கிறது. உப்பை வெளியே நிறுத்த மூடி போட்ட நானே உள்ளே உப்பை வைத்து மூடியிருக்கிறேன். அப்புறம் மரப்பிசினில் செய்த ரோசின் ஃப்ளக்ஸைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. அதையும் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, உள்ளே பசை உள்ள ஸ்லீவ் போடுகிறேன். வயரைக் கனெக்டருக்கு முன்னால் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலே ஏற்றுவேன். ஐஸ் தண்ணீர் வந்தாலும் அந்த வளைவிலேயே சொட்டிப் போய்விடும்.

1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு, இந்த உப்பைத் தாங்க, துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலோக்சேன் பூச்சு, முழுக்க வெல்டிங் செய்த இணைப்புகள் என்று செய்தியில் படித்தேன். அவ்வளவு பெரிய பாலத்திலும் இணைப்புகளைப் பற்றித்தான் கவலைப்பட்டிருக்கிறார்கள் என்று மனசுக்கு ஒரு நெருக்கம் வந்தது.

லித்தியம் பேட்டரியில் வெளி வயரோடு நின்றுகொள்கிறேன். அதற்குள் இருக்கும் உருளை வடிவ 18650 செல் மேல் நேரடியாக அயர்ன் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். செல்லுக்குள் இரண்டு தகடுகளையும் பிரித்து வைப்பது மெல்லிய பிளாஸ்டிக் தாள். 130 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். அயர்ன் முனை 350. செல்களை நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்வது அதனால்தான். 2022-ல் பல ஊர்களில் மின்சார வண்டிகள் எரிந்த பிறகு, பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகளைத் திருத்தி, அந்த டிசம்பரிலும் 2023 மார்ச் 31-லும் இரண்டு கட்டமாகக் கொண்டுவந்தார்கள். அந்தச் சோதனைகளைத் தாண்டி வந்த பெட்டியை என் சாய்ப்பில் ஸ்குரூடிரைவர் வைத்துப் பிளக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு தம்பி கடல் தண்ணீரில் விழுந்த பேட்டரியைத் துணியில் சுற்றி எடுத்து வந்தான். வெயிலில் காயவைத்தானாம். அதை வாங்கி, வீட்டை விட்டுத் தள்ளி, காய்ந்த மணலில் வைத்தேன். “இனிமே இத சார்ஜ்ல போடவே கூடாது. கம்பெனி சர்வீஸ்ல ஒப்படைச்சிரு” என்றேன். கோபித்துக்கொண்டு போனான். பரவாயில்லை.

அந்த மீன்கார அக்கா ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கியதும் வண்டியைக் கொண்டுவருவார். விசைப்படகு போகாத 61 நாளில் மீன் வரத்து குறைவு, அவருக்கும் நேரம் இருக்கும். போன தடவை கால் பலகையைக் கழற்றும்போது திருகின் தலையே கையோடு வந்துவிட்டது, அவ்வளவு துரு. ஸ்லீவ் நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. பிளேடை எடுத்தேன்.

“நல்லாத்தானே ஓடுது, அத ஏன் தம்பி அறுக்குறே?”

“உள்ள பாக்கணும்க்கா.”

அரை அங்குலம் கீறி விரித்தேன். ஈயம் மங்காமல் இருந்தது. அதன் விளிம்பில் இழைகளைச் சற்றே சுரண்டினேன். செம்பு சிவந்து தெரிந்தது. அக்காவைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தார். புது ஸ்லீவ் ஏற்றி மூடினேன்.