வேளச்சேரித் தாய்ப்பூனை: சில நாட்குறிப்புகள்

அக்டோபர் 15, 2024

மழை எச்சரிக்கையைக் கேட்டு வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். எங்கள் குடியிருப்பின் மோட்டார் அறையில், சாக்குகளுக்கு இடையே சில நாட்களுக்கு முன் நான்கு குட்டிகளை ஈன்ற சாம்பல்வரிப் பூனைக்கு மேம்பாலம் ஏது? இத்தகைய வேளையில் குட்டிகளை மட்டும் வாரிக்கொண்டு வருவதே பலரது வழக்கம். கண் திறக்காத குட்டியால் உடற்சூட்டைத் தானாகக் காத்துக்கொள்ள இயலாது. தாய் நக்கிவிடாமல் சிறுநீர்கூடக் கழிக்க இயலாது. ஆகவே தாயை விட்டுவிட்டுக் குட்டியை எடுக்கலாகாது என்பது என் கட்சி. குட்டிகளைத் துணியில் சுற்றிக் கூண்டின் கோடியில் வைத்து, வாசலில் நெத்திலிக் கருவாட்டைப் போட்டுவிட்டு, நானும் காவலாளி அண்ணனும் தள்ளி நின்றோம். கருவாட்டை அது முகர்ந்தும் பார்க்கவில்லை. கீச்சொலி கேட்டதும் நேரே உள்ளே போய்விட்டது.

அக்டோபர் 19

குளியலறைதான் பிரசவ அறை. குட்டி நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் எடை கூட வேண்டும் என்பதால், காலைதோறும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்க்கிறேன். கறுப்புக் குட்டி மட்டும் 148 கிராமிலேயே நிற்கிறது. மற்றவை அதை முட்டித் தள்ளுவதால், அவை உறங்கும்போது இதைத் தனியே காம்பருகில் வைக்கிறேன். தாய் சீறுகிறதே தவிர, நகத்தை நீட்டுவதில்லை. பக்கத்து வீட்டு மாமி அன்போடு பசும்பால் கொண்டுவந்தார். அது குட்டிகளுக்குச் செரிக்காமல் கழிச்சலாகி உயிருக்கே உலையாகும் என்று விளக்கிவிட்டு, பாலைக் காப்பிக்கு வைத்துக்கொண்டேன். தாய்க்கு வேகவைத்த கோழியை வயிறாரப் போட்டால் போதும்; குட்டிகளை அது பார்த்துக்கொள்ளும்.

அக்டோபர் 31

தீபாவளி. முதல் சரவெடி வெடித்ததுமே தாய் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வாளிக்குப் பின்னால் கொண்டுபோயிற்று. அங்கும் மனம் ஒப்பாமல் மறுபடி பெட்டிக்கே கொண்டுவந்தது. பிடரியைக் கவ்வியதும் குட்டி கால்களை மடக்கி, வாலை வயிற்றோடு சுருட்டி, அசையாமல் தன்னை ஒப்புக்கொடுத்துவிடுகிறது. தென்கலை வைணவர்கள் சரணாகதிக்கு மார்ச்சால நியாயத்தை, அதாவது பூனை குட்டியைக் கவ்விக் காப்பதுபோல இறைவனே அடியாரைக் காப்பான் என்ற உவமையை, காட்டுவது இதை வைத்துத்தான். தாய்க்கு இரைக்கும் மூச்சை அந்த உவமையில் யாரும் பேசுவதில்லை.

நவம்பர் 16

குட்டிகள் மசித்த கோழியைத் தின்னத் தொடங்கிவிட்டன. தொலைபேசியில் அழைப்பவர்கள் எல்லாரும் கேட்பது குட்டியை, அதிலும் வெள்ளைக் கடுவனை. தாயை ஒருவரும் கேட்பதில்லை. பால் கொடுக்கும் காலத்திலேயே பூனை மீண்டும் சினையாகக்கூடும், சினைக்காலமும் ஏறத்தாழ 65 நாட்கள்தாம். இதற்குக் கருத்தடை செய்யாமல் குட்டிகளுக்கு மட்டும் வீடு தேடினால், கோடை பிறக்குமுன் மோட்டார் அறையில் அடுத்த ஈற்று கிடக்கும்.

நவம்பர் 30

ஃபெஞ்சல் புயல். மின்சாரம் இல்லை, அறுவைச் சிகிச்சை தள்ளிப்போயிற்று.

டிசம்பர் 9

தாய்க்குக் கருத்தடை முடிந்தது. மீண்டும் யாரும் பிடித்து அறுக்காதிருக்க, கருத்தடை ஆனதற்கு அடையாளமாக மயக்கத்திலேயே காதுநுனியைச் சிறிது கத்தரித்திருக்கிறார்கள். எட்டு வாரம் ஆனதால் குட்டிகளுக்கு முதல் தடுப்பூசியும் போட்டாயிற்று. கறுப்புக் குட்டியும் அதன் தங்கையும் ஒரே வீட்டுக்குப் போகின்றன. பால்கனிக்கு வலை அடித்த பிறகே தருவேன் என்று சொல்லியிருக்கிறேன். தாயை எடுத்துக்கொள்ள எவரும் முன்வராததால், தையல் ஆறியதும் பழைய இடத்திலேயே விடுவதென்றும், இரவுச் சாப்பாட்டைக் காவலாளி அண்ணன் வைப்பதென்றும் பேசி முடித்தோம்.